சோறு வேணும், சோறாக்குறவ வேணாமா?

இது சமையல் குறிப்பு அல்ல. பாங்காக் போய்வந்தவர்கள் எழுதுகிற பயணக் கட்டுரையும் அல்ல. 'தாய்லாந்தின் தெரு உணவு' என்று வழவழ தாளில் வண்ணப்படம் போட்டுக் கொண்டாடுகிறார்களே, அந்தக் கொண்டாட்டத்தின் மேல் எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. அதைத்தான் இங்கே வைக்கிறேன். நாக்கில் எச்சில் ஊறுவதற்காகப் படிக்கிறவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிக்கொள்ளலாம்.

போன வருசம் வங்கித் தோழர்கள் நாலு பேரோடு பாங்காக் போனேன். மலிவான சுற்றுலா, ஐந்து நாள். கூட வந்தவர்களில் இரண்டு பேர் பெட்டி நிறையப் புளிக்காய்ச்சலும் ஊறுகாயும் கொண்டுவந்திருந்தார்கள். அவரவர் வயிறு, அதில் எனக்குச் சண்டை இல்லை. நாங்கள் தங்கிய சந்தின் முனையில் ஒரு அம்மா தள்ளுவண்டி போட்டிருந்தார். பப்பாளிக்காயைச் சீவி, மிளகாய், பூண்டு, எலுமிச்சையோடு மண் உரலில் போட்டு இடித்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு ஜாடியைத் திறந்தார். 'பிளா ரா' என்கிறார்கள். ஆற்றுமீனை உப்பும் அரிசிப்பொடியும் போட்டு மாசக்கணக்கில் ஊறவைத்தது. தோழர் ஒருவர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "சாக்கடை நாத்தம்ப்பா, எப்படித்தான் திங்கிறானுங்களோ" என்றார்.

எனக்கு அது சாக்கடையாக வரவில்லை. எங்க ஆத்தா கருவாட்டுப் பானையைத் திறந்த மாதிரி வந்தது. வங்கியில் மதியம் நான் டிபன் பாக்ஸைத் திறந்ததும் பக்கத்து நாற்காலி நகர்கிற ஓசை எனக்கு நன்றாகத் தெரியும். அந்த மூக்கைப் பொத்திய கை எனக்குப் பழகிய கைதான். நான் போய் அந்த அம்மா வண்டியோரம் கிடந்த பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன். இந்தக் கட்டுரையை அந்த முக்காலியில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உட்கார்ந்து பார்த்தால்தான் தெரிகிறது, அந்த வண்டியைச் சுற்றி யார் நிற்கிறார்கள் என்று. ஆரஞ்சுச் சட்டை போட்ட வாடகை மோட்டார்சைக்கிள்காரர்கள். ஓட்டலில் படுக்கைவிரிப்பு மாற்றுகிற பெண்கள். கட்டட வேலைக்காரர்கள். அடையாள அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்ட, என்னைப்போன்ற குமாஸ்தாக்கள். எவனும் படம் எடுக்கவில்லை. குனிந்து தின்றுவிட்டு வேலைக்கு ஓடுகிறான். காலையில் அதே இடத்தில் இன்னொருத்தி பன்றிக்கறியைக் குச்சியில் குத்திச் சுட்டு, பசைபோல் ஒட்டும் அரிசிச்சோற்றோடு பொட்டலம் கட்டிக்கொடுக்கிறாள். மதியம் சோற்றுமேல் குழம்பு ஊற்றித் தருகிற வண்டி. ராத்திரி நூடுல்ஸ். ஒரே பத்தடி நடைபாதை மூன்று குடும்பங்களுக்கு முறைபோட்டுச் சோறு போடுகிறது.

பாங்காக்கில் வேலைக்கு வந்தவர்கள் குடியிருக்கிற வாடகை அறைகளில் பலவற்றுக்கு அடுப்படி கிடையாது. ஒரு கட்டில், ஒரு மின்விசிறி, ஒரு கழிப்பறை, அவ்வளவுதான். பல இடங்களில் அறைக்குள் சமைக்கவே விடமாட்டார்கள். வேலை முடிந்து வருகிற பெண் குழம்பு ஒரு பை, சோறு ஒரு பை, காய் ஒரு பை என்று வாங்கி, ரப்பர் பேண்டு போட்ட பைகளை விரலில் கோத்துக்கொண்டு வீடு போகிறாள். இவர்களைப் 'பிளாஸ்டிக் பை இல்லத்தரசிகள்' என்று நக்கலாகச் சொல்கிற வழக்கமே அந்த ஊரில் உண்டு. நக்கலடிக்கிறவன் வீட்டில் சமைக்க ஆள் இருக்கிறது. அந்த ஆளும் பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து வந்த பெண்தான்.

நான் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன், அதனால் கணக்கிலேயே பேசுகிறேன். 2025 ஜூலையில் பாங்காக்கின் குறைந்தபட்சத் தினக்கூலி 400 பாட் ஆனது. தெருவில் ஒரு வேளைச் சோறு ஐம்பது, அறுபது பாட். மூன்று வேளை தின்றால் கூலியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலே. குளிரூட்டிய கடைக்குள் நுழைந்தால் ஒரு வேளைக்கே அது போய்விடும். அறை வாடகை, பேருந்து, ஊருக்கு அனுப்புகிற காசு எல்லாம் அதற்குப் பிறகுதான். 400 பாட் கொடுத்துவிட்டு ஒரு முதலாளி நிம்மதியாகத் தூங்க முடிகிறதென்றால், தெருமுனையில் ஒருத்தி ராத்திரி இரண்டு மணிக்கே எழுந்து, குளோங் தோய் சந்தையில் காயும் கறியும் பேரம்பேசி வாங்கி, தன் உழைப்பைத் தனக்கே கணக்குவைக்காமல் சோற்றில் போட்டு விற்கிறாள் என்று அர்த்தம். தெருச்சோறு என்பது ருசி விசயம் அல்ல, அது கூலி விசயம். அந்த நகரத்தின் கூலியைத் தாங்கிக்கொண்டிருப்பது அந்த வண்டியின் சக்கரம். இதுதான் நான் சொல்லவந்த ஒரே விசயம். மிச்சமெல்லாம் இதற்குச் சாட்சி.

இனி அந்த 'தாய்' என்கிற முத்திரைக்கு வருவோம்.

உலகமெல்லாம் போய்ச்சேர்ந்த 'பாட் தாய்' இருக்கிறதே, அது சீனர்களின் நூடுல்ஸ். வாணலியில் போட்டு வதக்குவதும் சீனக் கை. 1939இல் சியாம் என்கிற பெயரைத் தாய்லாந்து என்று மாற்றிய பிபுன் சோங்கிராம் என்கிற ராணுவப் பிரதமர், நாட்டை நாகரிகப்படுத்தப்போகிறேன் என்று 1939இலிருந்து 1942வரை பன்னிரண்டு பண்பாட்டுக் கட்டளைகள் போட்டார். எப்படி உடுத்த வேண்டும், எத்தனை மணிநேரம் தூங்க வேண்டும், ஒரு நாளைக்கு நாலு தடவைக்கு மேல் சாப்பிடக்கூடாது என்பதுவரை அதில் இருந்தது. யுத்தகாலத்தில் வெள்ளமும் அரிசித் தட்டுப்பாடும் வந்தபோது, சனங்களே நூடுல்ஸ் தின்னுங்கள், காசு உள்நாட்டிலேயே புழங்கும் என்று பிரச்சாரம். அதே அரசு சீனர்களுக்குப் பல தொழில்களின் கதவை அடைத்தது. ஆளுக்குத் தடை, அவன் பண்டத்துக்குத் தேசியப் பட்டம். பண்டத்தை எடுத்துக்கொள், சமைத்தவனைத் தள்ளு. இந்தச் சூத்திரத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், தோழர்களே. இன்றுவரை இதேதான் நடக்கிறது.

பப்பாளிக்காய்க்கு வாருங்கள். அந்தப் பண்டம் லாவோ மொழி பேசுகிற இசான் சனங்களோடது. இசான் என்றால் வடகிழக்குச் சீமை. மழையை நம்பிய மண், நீர் நிற்காத மண், ஒரு போகம் விளைந்தால் பெரிசு. 1960களிலிருந்து அறுப்பு முடிந்ததும் கூட்டம் கூட்டமாகப் பாங்காக்குக்குக் கூலிக்கு வந்தவர்கள். கட்டடம் அவர்கள் கட்டியது, டாக்சி அவர்கள் ஓட்டுவது, பாத்திரம் அவர்கள் கழுவுவது. அவர்களை 'லாவோ' என்று கூப்பிடுவதே வசவாக இருந்தது. தொலைக்காட்சித் தொடர்களில் வேலைக்காரி வந்தால் இசான் கொச்சையில்தான் பேசுவாள்.

இப்போது அந்த அம்மா வண்டிக்குப் போய் 'சோம் தாம்' கேளுங்கள். 'தாய்' வேணுமா, 'லாவோ' வேணுமா என்று கேட்பார். லாவோ என்றால் பிளா ரா போட்டது. தாய் என்றால் பிளா ராவை நீக்கிவிட்டு, நிலக்கடலையும் காய்ந்த இறாலும் சர்க்கரையும் போட்டது. கவனியுங்கள். வாசத்தை எடுத்துவிட்டால் அது 'தாய்', அதாவது தேசியம். வாசத்தோடு இருந்தால் அது 'லாவோ', அதாவது நாத்தம். ஒரு தேசியம் எப்படிக் கட்டமைக்கப்படுகிறது என்று தெரிந்துகொள்ளத் தடித்தடிப் புத்தகம் எதுக்குங்க? ஒரு தட்டுப் பப்பாளிக்காய் போதும்.

இதிலும் ஒரு வேடிக்கை. இப்போது அதே பிளா ராவைக் காய்ச்சி, சீசாவில் அடைத்து, மேலே படம் ஒட்டி அங்காடிக் குளிரில் அடுக்கிவைத்து விற்கிறார்கள். சீசாவுக்குள் போனதும் நாத்தம் 'பாரம்பரியச் சுவை' ஆகிவிட்டது. ஆக, மீனில் நாத்தம் இல்லை. பானையைப் பிடித்திருக்கிற கையைப் பார்த்துத்தான் மூக்கு முடிவுபண்ணுகிறது.

நம்ம ஆளுக்கும் அந்த ஊரில் ஒரு முத்திரை உண்டு. வாழைக்காயை மாவில் தோய்த்துப் பொரித்துத் தெருவில் விற்கிறார்கள். அதன் பெயர் 'குளுவாய் கேக்'. 'கேக்' என்றால் விருந்தாளி என்று அகராதி சொல்லும். பேச்சில் அது இந்தியன், முஸ்லிம், மேற்கேயிருந்து வந்த கறுத்தவன். சீலோம் சாலையில் தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயிலையும் 'கேக் கோயில்' என்றுதான் சொல்கிறார்கள். மூக்கைப் பொத்திய தோழரிடம் இதைச் சொன்னேன். முகம் சுருங்கிப்போச்சு. "நம்மளையுமா?" என்றார். ஆமாம், உம்மையும்தான்.

அடுத்தது சுத்தம். சுத்தம் என்கிற சொல்லை அதிகாரத்தில் இருக்கிறவன் சொன்னாலே, யாரைத் துடைக்கப்போகிறான் என்றுதான் நாம் கேட்டுப் பழகியிருக்கிறோம்.

2010 ஏப்ரல், மே மாதங்களில் செஞ்சட்டைக்காரர்கள் பாங்காக்கின் நடுமத்தியில், பெரிய வணிக வளாகங்கள் நிற்கிற ராச்சபிரசோங் நாற்சந்தியில் உட்கார்ந்து தேர்தல் கேட்டார்கள். பெரும்பகுதி வடக்கு, இசான் சனங்கள். அங்கேயே உரல் இடிபட்டது, அங்கேயே சோறு வெந்தது. 'எருமைகள்' என்று அவர்களைத் திட்டினார்கள். ராணுவம் இறங்கியது. அந்த இரண்டு மாதத்தில் தொண்ணூறு பேருக்கு மேல் செத்தார்கள். ராணுவம் முடித்த சில நாளில், மே 23 அன்று, நகரத்து நடுத்தர வர்க்கம் துடைப்பமும் சோப்புத்தண்ணியும் எடுத்துக்கொண்டு அந்தத் தெருக்களைக் கழுவ வந்தது. 'பெரும் துப்புரவு நாள்' என்று அதற்குப் பெயர். ரத்தத்தைக் கழுவினார்களா, இசான் வாசத்தைக் கழுவினார்களா என்று அவர்களையே கேட்க வேண்டும்.

2014 மே மாதம் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. பிடித்த கையோடு, நடைபாதையை நடப்பவர்க்கே திருப்பித் தருகிறோம் என்றார்கள். பழைய அனுமதிகளை இடம் இடமாக ரத்துசெய்தார்கள். 1992ஆம் வருசத்துத் துப்புரவு, ஒழுங்குச் சட்டம் கையில் இருந்தது. மாநகர ஆய்வர்கள் வந்தால் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓட வேண்டும், மாட்டினால் 2000 பாட்வரை அபராதம். அனுமதி இல்லாத இடத்தில் அபராதம்தான் வாடகை. கட்டிவிட்டு மறுபடி உட்கார வேண்டியது. 2017 ஏப்ரலில் மாநகர நிர்வாகம் இன்னும் ஒரு படி போய், வருச முடிவுக்குள் முக்கியச் சாலைகளில் தெருச்சோறே இருக்காது என்றது. உலகமெல்லாம் கூச்சல் எழுந்தது. உடனே பின்வாங்கி, யாவராத்தும் காவோசானும் இருக்கும் என்றார்கள். அவை எந்தத் தெருக்கள் தெரியுமா? சுற்றுலாக்காரன் போகிற தெருக்கள். வெள்ளைக்காரன் தின்கிற இடத்தில் வண்டி நிற்கலாம். ஓட்டல் பணிப்பெண் தின்கிற இடத்தில் நிற்கக்கூடாது. அந்தக் காவோசானிலும் 2018 ஆகஸ்டில் பகலில் கடை போடாதே என்று வந்தார்கள், வியாபாரிகள் எதிர்த்து நின்றார்கள்.

தெருவைத் துடைத்துக்கொண்டிருந்த அதே 2017இல் மிஷெலின் என்கிற டயர் கம்பெனியின் சாப்பாட்டு வழிகாட்டி பாங்காக்குக்கு வந்தது. தானாக வரவில்லை. நாட்டின் சுற்றுலா ஆணையம் ஐந்து வருசத்துக்கு 14.4 கோடி பாட் கொடுத்து வரவழைத்தது. டிசம்பரில் பட்டியல் வெளியானது. மகாச்சாய் சாலையில் கரியடுப்பு முன்னால் பெரிய கண்ணாடி மாட்டிக்கொண்டு நண்டு ஆம்லெட் போடுகிற ஜெய் ஃபாய் அம்மாவுக்கு ஒரு நட்சத்திரம். எழுபது வயசைத் தாண்டியும் தானே வாணலி பிடிக்கிற உழைப்பாளி, அவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் அந்த ஆம்லெட் ஆயிரம் பாட்டுக்கு மேலே. தினக்கூலிக்காரனுக்கு இரண்டரை நாள் கூலிக்கும் மேலே. 'தெரு உணவு' என்ற பெயர் மட்டும்தான் அதில் தெரு.

அந்த மகாச்சாய் சாலையிலேயே சில நிமிசம் நடந்தால் மகாகான் கோட்டை வரும். கோட்டைச் சுவருக்குப் பின்னால் மரவீடுகளில் முந்நூறு பேர் போலக் குடியிருந்தார்கள். பூங்கா போட வேண்டும் என்று 1992இல் மாநகரம் அவர்களை எழுப்பப் பார்த்தது. கால் நூற்றாண்டு எதிர்த்து நின்றார்கள். 2018 ஏப்ரலில் கடைசிக் குடும்பமும் வெளியேற்றப்பட்டது. இப்போது அங்கே புல்வெளி. டிசம்பரில் நட்சத்திரம், ஏப்ரலில் புல்வெளி, இரண்டும் ஒரே சாலையில். இதற்குமேல் நான் என்ன சொல்லி விளக்க?

என் தொழில் சம்பந்தமாகவும் ஒரு கதை உண்டு. 1997 ஜூலை 2 அன்று பாட் நாணயத்தின் பிடி விட்டது. அந்த வருச முடிவுக்குள் 56 நிதிக் கம்பெனிகளை மூடினார்கள். வேலை போனவர்கள் தெருவில் சோறு விற்க இறங்கினார்கள். பங்கிலும் சொத்திலும் பணம்போட்டு நொடித்துப்போன சிரிவட் என்பவர் கழுத்தில் பெட்டியைத் தொங்கவிட்டுச் சாண்ட்விச் விற்றார். உலகப் பத்திரிகைகள் படம்பிடித்தன, தன்னம்பிக்கை என்றன. செய்தது நல்ல காரியம்தான். ஆனால் முப்பது வருசமாக அதே தெருவில் தோள்கம்பில் உரலும் கூடையும் சுமந்தவளை எவன் தன்னம்பிக்கை என்றான்? பணக்காரன் தெருவுக்கு வந்தால் அது காவியம். ஏழை தெருவில் இருந்தால் அது ஆக்கிரமிப்பு.

நிதிக் கம்பெனி விழுந்தால் தூக்கிவிட அரசு இருக்கிறது. வண்டிக்காரிக்கு யார் இருக்கிறார்கள்? இடத்துக்குச் சீட்டு இல்லை, வருமானத்துக்கு அத்தாட்சி இல்லை. வங்கிக் கவுண்டருக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்திருக்கிற என்னைப்போன்றவன் தலையாட்டி அனுப்பிவிடுவான். அப்புறம் மோட்டார்சைக்கிளில் வருகிற வட்டிக்காரன்தான். அந்த நாட்டுச் சட்டப்படி வருசத்துக்கு நூற்றுக்குப் பதினைந்து வட்டிதான் உச்சம். தெருவில் மாசத்துக்கு நூற்றுக்கு இருபது என்பது எல்லாருக்கும் தெரிந்த விலை. தண்டல், கந்துவட்டி என்று நமக்கு விளக்க வேண்டியதில்லை. வண்டியை விரட்டுகிற ஒவ்வொரு நாளும் அவளை அந்த வட்டிக்குள் தள்ளுகிறார்கள். அனுமதிச் சீட்டு என்பது வெறும் காகிதம் அல்ல, கடன் வாங்குகிற தகுதி.

அவளுக்கும் கீழே ஒருத்தி இருக்கிறாள். பாத்திரம் கழுவுகிற, கோழி அறுக்கிற பர்மாக்காரி, கம்போடியாக்காரி. அவள் வேலை செய்யலாம், சொந்தமாக வண்டி போடக்கூடாது. அந்நியர் செய்யக்கூடாத தொழில்கள் என்று 1979லேயே போட்ட பட்டியலில் தெருவில் கூவி விற்பதும் உண்டு. அன்றைக்குச் சீனன், இன்றைக்குப் பர்மாக்காரி. இசான் வியாபாரிகளிலேயே சிலர், 'அந்நியர் வந்து எங்க இடத்தைப் பிடிக்கிறாங்க' என்கிறார்கள். நேற்று 'லாவோ' என்று திட்டப்பட்டவன் இன்று இன்னொருத்தியைத் திட்டக் கற்றுக்கொள்கிறான். இதையும் சொல்லாமல் விட்டால் நான் யோக்கியன் இல்லை.

எதிர்த்தரப்பு நியாயமும் கேட்டேன். நடைபாதை குறுகல், சக்கர நாற்காலி போகமுடியவில்லை, எண்ணெயை வடிகாலில் ஊற்றுகிறார்கள் என்கிறார்கள். மூன்றும் உண்மை. அதற்கு வழி, அளந்து கோடு போட்டு இடம் கொடுப்பது, தண்ணீர்க் குழாயும் கழிவுத்தொட்டியும் வைப்பது. வண்டியை எடுத்த நடைபாதையில் என்ன நடக்கிறது? மோட்டார்சைக்கிள் ஏறி ஓடுகிறது, அடுக்குமாடிக்குக் கார் நுழைகிறது. அதுக்கு எந்தத் துடைப்பமும் வரக்காணோம். ராத்திரி ஷிப்டு முடிந்து தனியாக நடந்துவருகிற பெண்ணுக்கு அந்த வண்டி விளக்கும் அந்த அம்மாவும்தான் காவல். அதையும் சேர்த்துத்தான் எடுக்கிறார்கள்.

சிங்கப்பூரைப் பார் என்கிறார்கள். பார்த்தேன். அங்கேயும் முதலில் தெருவிலிருந்து எடுத்தார்கள். கூரைபோட்ட கூடங்கள் கட்டிக்கொடுத்தார்கள், அதை மறுக்கவில்லை. பிறகு 2020இல் யுனெஸ்கோவின் பண்பாட்டுப் பட்டியலில் ஏற்றினார்கள். தாய்லாந்தும் 2024இல் 'தோம் யாம் குங்' என்கிற இறால் ரசத்தை ஏற்றிவிட்டது. ரசத்துக்குப் பட்டயம் கிடைத்துவிட்டது. அதைச் சந்துமுனையில் காய்ச்சுகிறவளுக்கு ஆறடி நடைபாதைக்கு ஒரு சீட்டு எப்போது?

ஊர் திரும்புகிற அன்று காலை அந்த முனைக்குப் போனேன். உரல் ஓசை இல்லை. முக்காலி இல்லை. நடைபாதை கழுவி ஈரமாக இருந்தது. ஆய்வர்கள் வந்தார்களோ, உடம்புக்கு முடியலையோ, ஊருக்குப் போனாரோ, கேட்க எனக்கு மொழி தெரியவில்லை. ஆரஞ்சுச் சட்டைக்காரர் இரண்டு பேர் வெறும் வயிற்றோடு வண்டிமேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். மூக்கைப் பொத்திய தோழர் பெட்டியை உருட்டிக்கொண்டே, "இப்பதான்யா தெரு பார்க்க சுத்தமா இருக்கு" என்றார்.

சுத்தமாகத்தான் இருந்தது. அந்த ரெண்டு பேரும் இன்னும் சாப்பிடவில்லை.